அட்டையில் எரிமலை, அடியில் நல்ல சரக்கு: ஒரு புவித்தட்டுப் பெட்டியோடு ஒரு மாதம்

பெட்டியின் மேலட்டையில் ஒரு எரிமலை சிவப்பாகக் கக்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து மகள் ஆசைப்பட்டாள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த "எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, புவியியல்" என்ற வரியைப் பார்த்து நான் சரி என்றேன். ஒரு மாதம் ஆகிறது. இப்போது கேட்டால், பெட்டியிலேயே உதவாத சாமான் அந்த எரிமலைதான். உருப்படியானவை இரண்டு: ஒரு மரக்கட்டையும் ரப்பர் பேண்டும் சேர்ந்த பலகை, அப்புறம் அடியில் மடித்துப் போட்டிருந்த நான்கு ஒளிபுகும் தாள்கள். தயாரித்தவர் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் கிட்டத்தட்ட இதே சாமான்களோடு வேறு வேறு பெயரில் பெட்டிகள் விற்கின்றன, எதை எடுத்தாலும் பாதியாவது இங்கே சொல்வது பொருந்தும்.

உள்ளே இருப்பவை: புவித்தட்டுகளின் வடிவத்தில் வெட்டிய உலக வரைபடப் புதிர், பூமியைக் குறுக்காக வெட்டிக் காட்டும் ஒரு பாதி உருண்டை, கைப்பிடியைச் சுற்றினால் ஆடும் மேடை, நான் சொன்ன மரக்கட்டைப் பலகை, நீளமான ஒரு ஸ்பிரிங், பிளாஸ்டிக் எரிமலை, தாள்கள், கையேடு.

புதிரில் ஆரம்பிக்கிறேன். நம் மொழியில் "தட்டு" என்ற சொல்லே பிள்ளைகளைக் கொஞ்சம் குழப்புகிறது. வட்டமாக, விளிம்போடு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிற ஏதோ ஒன்று மனசில் வந்துவிடுகிறது. ஆமை ஓட்டைக் காட்டி, பூமியின் வெளி ஓடும் இப்படித் துண்டுகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்ததுதான், ஒவ்வொரு துண்டும் ஒரு தட்டு என்று சொன்னால் உடனே பிடிபடுகிறது, ஆமையின் துண்டுகள் நகராது, இவை வருடத்துக்குச் சில சென்டிமீட்டர், அதாவது விரல் நகம் வளர்கிற வேகத்தில், நகரும் என்பதுதான் வித்தியாசம். இன்னொரு குழப்பம் தட்டும் கண்டமும் ஒன்று என்று நினைப்பது. அதை இந்தப் புதிர் அழகாகத் தீர்த்துவிடுகிறது. வட அமெரிக்கத் தட்டை எடுத்துப் பொருத்தினால் ஐஸ்லாந்தின் மேற்குப் பாதியும் சைபீரியாவின் கிழக்கு மூலையும் கூடவே வருகின்றன, ஆப்பிரிக்கத் தட்டு அட்லாண்டிக்கின் நடு வரைக்கும் நீள்கிறது, பசிபிக் தட்டிலோ கலிபோர்னியாவின் ஒரு கீற்றும் நியூசிலாந்தின் ஒரு பகுதியும் போக மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் தண்ணீர்தான். கண்டத்தின் விளிம்பு வேறு, தட்டின் விளிம்பு வேறு என்பதைப் பத்து தடவை வாயால் சொல்வதைவிட ஒரு தடவை பொருத்திப் பார்த்தால் போதும்.

குறை என்னவென்றால் சின்னத் தட்டுகளில் பலவற்றை விட்டுவிட்டார்கள். தென் அமெரிக்காவுக்கு மேற்கே கடலடியில் இருக்கும் நாஸ்காவும் அரேபியத் தட்டும் இருக்கின்றன, ஆனால் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய ஜுவான் டி ஃபுகா இல்லை. சின்னதுதானே என்று விடக்கூடிய தட்டு இல்லை அது. 1700 ஜனவரி 26 அன்று அங்கே நடந்த நிலநடுக்கத்தின் அளவு கிட்டத்தட்ட 9, அதன் தேதியே கூட பசிபிக்கின் எதிர்க்கரையில் ஜப்பானியர்கள் "நிலம் ஆடாமலே அலை வந்தது" என்கிற மாதிரி எழுதிவைத்த குறிப்புகளிலிருந்துதான் தெரிய வந்தது. அப்புறம் இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒரே துண்டாக வெட்டியிருக்கிறார்கள். பாடப்புத்தகங்களும் அப்படித்தான் சொல்கின்றன என்பதால் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல விஞ்ஞானிகள் இப்போது அவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே, அந்தத் தட்டின் உள்ளேயே 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்ததே, அது அந்தத் துண்டு உடைந்துகொண்டிருப்பதன் அடையாளம் என்கிறார்கள். ஒரு கோடு கீறி, உடைக்கலாம் என்று விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி என் பெரிய புகார். அந்தப் பாதி உருண்டையில் மேலோட்டுக்குக் கீழே கவசம் என்கிற தடித்த பாறை அடுக்கு முழுவதையும் கொதிக்கிற சிவப்பில் அடித்துவிட்டு, கையேட்டில் "உருகிய பாறைக்குழம்புக் கடலின் மேல் தட்டுகள் மிதக்கின்றன" என்று எழுதியிருக்கிறார்கள். இது தப்பு. எத்தனை முறை எத்தனை இடத்தில் படித்தாலும் தப்பு. கவசம் திடப்பொருள். சூடாக இருக்கிறது, அழுத்தத்தில் இருக்கிறது, லட்சக்கணக்கான வருடங்களில் மெல்ல இழைந்து ஓடுகிறது, அவ்வளவுதான். பனியாறு கெட்டியான பனிக்கட்டிதான், ஆனாலும் மலைச்சரிவில் வழிகிறது அல்லவா, அந்த மாதிரி. தட்டுகளுக்குக் கீழே சில நூறு கிலோமீட்டர் வரை இருக்கும் மென்பாறைக்கோளம் கொஞ்சம் கூடுதலாக இளகியது, அதிலும் உருகியது சொற்பம்.

இதில் வேடிக்கை, கையேடு சொல்வது தப்பு என்று நிரூபிக்கிற சாமான் அதே பெட்டியில் இருக்கிறது. ஸ்பிரிங்கை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, ஒருவர் முன்னும் பின்னும் தள்ளினால் நெருக்கமாகவும் விரிவாகவும் ஒரு அலை ஓடும், நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேரும் முதன்மை அலை இப்படித்தான். பக்கவாட்டில் ஆட்டினால் பாம்பு மாதிரி நெளிந்து ஓடுவது இரண்டாம் நிலை அலை, முதலாவதைவிட மெதுவாகத்தான் வந்து சேரும். இரண்டாவது வகை அலை திரவத்துக்குள் போகாது, ஏனென்றால் திரவத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் அது திரும்பி வராது. ஆனால் நிலநடுக்கத்தின் இரண்டாம் நிலை அலைகள் கவசத்தின் வழியே தாராளமாகப் போகின்றன, சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் வெளிக்கரு வந்தபிறகுதான் நிற்கின்றன. அப்படியென்றால் கவசம் திடம், வெளிக்கரு திரவம். அதற்கும் உள்ளே திடமான ஒரு உட்கரு இருக்கிறது என்று 1936இல் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் சொன்னதும் இப்படி அலைகளைப் பார்த்துத்தான். மகளே கையேட்டில் அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிட்டாள்.

சரி, மரக்கட்டைக்கு வருவோம். ஒரு நீளப் பலகையில் உப்புத்தாள் ஒட்டியிருக்கிறது, கட்டையின் அடியிலும் உப்புத்தாள், கட்டையில் ஒரு கொக்கி, கொக்கியில் ரப்பர் பேண்ட், ரப்பர் பேண்டின் மறுமுனை ஒரு உருளையில். உருளையை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கட்டை அசையாது. ரப்பர் நீளும், இன்னும் நீளும், ஒன்றும் நடக்காது, பார்க்கிறவருக்குச் சலித்துப்போகும், திடீரென்று கட்டை டக்கென்று துள்ளி முன்னால் போய் நிற்கும். நிலநடுக்கம் என்பது இதுதான். தட்டுகள் நகரும் வேகம் சீரானது, விளிம்புகள் உராய்ந்து பிடித்துக்கொள்கின்றன, பாறை ரப்பர் மாதிரி வளைந்து இறுக்கத்தைச் சேர்த்து வைக்கிறது, பிடி விடும்போது பல வருடக் கணக்கைச் சில விநாடிகளில் தீர்க்கிறது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, நேராக இருந்த வேலிகள் சில இடங்களில் ஆறு மீட்டர் வரை விலகிக் கிடந்ததைப் பார்த்து ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த விளக்கத்தைக் கொடுத்தார்.

இந்தப் பலகையோடு நாங்கள் இரண்டு சாயங்காலங்கள் உட்கார்ந்திருந்தோம். முப்பது துள்ளல்களை அளந்து எழுதினோம், ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர், உருளையை எத்தனை சுற்று சுற்றிய பிறகு வந்தது என்று. அரை சென்டிமீட்டர் துள்ளல்கள் நிறைய, ஐந்தாறு சென்டிமீட்டர் துள்ளியது இரண்டே தடவை. இயற்கையிலும் கணக்கு அப்படித்தான், சின்னவை ஏராளம், பெரியவை அபூர்வம். அடுத்தது எத்தனையாவது சுற்றில் வரும் என்று நான் பந்தயம் கட்டி நாலு தடவையும் தோற்றேன். "அப்போ நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாதா?" என்று கேட்டாள். கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்டு என்ற இடத்தின் கதையைச் சொன்னேன். அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறக்குறைய 22 வருடத்துக்கு ஒருமுறை அளவு 6 நிலநடுக்கம் வந்துகொண்டிருந்தது, அடுத்தது 1993க்குள் வந்துவிடும் என்று கருவிகளையெல்லாம் வைத்துக் காத்திருந்தார்கள், அது 2004 செப்டம்பரில்தான் வந்தது. எங்கே வரும், சுமாராக எவ்வளவு பெரிதாக வரும் என்று சொல்லலாம், எந்த நாள் என்று யாரும் சொல்ல முடியாது. தேதி குறித்து யாராவது செய்தி அனுப்பினால் நம்பாதே என்று அப்போதே சொல்லிவைத்தேன், அவள் பெரியப்பா மாதந்தோறும் ஒன்று அனுப்புவார்.

ஆடும் மேடை யோசனை அளவில் அருமை, செய்நேர்த்தியில் மட்டம். மூன்றாவது நாளே கைப்பிடி கழன்றுவிட்டது, ஒட்டுப்பசை போட்டு ஓட்டுகிறோம். குச்சிகளால் கட்டிய உயரமான கட்டடத்தையும் குட்டையானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெதுவாக ஆட்டினால் உயரமானது தலைசுற்றி விழுகிறது, குட்டை நிற்கிறது. வேகமாக ஆட்டினால் தலைகீழ். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஊஞ்சல் மாதிரி தனக்கென்று ஒரு ஆட்டக் கணக்கு உண்டு, நிலம் அதே தாளத்தில் ஆடினால் தொலைந்தது. 1985இல் மெக்சிகோ நகரத்தில் நடந்தது இது. நிலநடுக்கம் வந்த இடம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால், ஆனால் நகரத்தின் அடியில் இருந்தது பழைய ஏரியின் சேறு, அது ஆட்டத்தைப் பெருக்கி, முக்கியமாக ஆறு மாடி முதல் பதினைந்து மாடி வரையான கட்டடங்களைச் சாய்த்தது. மேடையோடு ஒரு மணல் தட்டும் தருகிறார்கள். மணலை நனைத்து மேலே ஒரு பொம்மை வீட்டை வைத்து ஆட்டினால் மணல் கூழாகி வீடு சாய்ந்து இறங்கும், 1964இல் ஜப்பானின் நீகாதாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலே அப்படியே படுத்துக்கொண்ட மாதிரி. கையேட்டில் இந்தச் சோதனைக்கு இரண்டே வரி.

இப்போது தாள்கள். இவற்றுக்காகவே பெட்டியை வாங்கலாம் என்பேன். ஒரே அளவில் உலக வரைபடம் அச்சிட்ட நான்கு ஒளிபுகும் தாள்கள்: ஒன்றில் நிலநடுக்கங்கள், ஆழத்துக்கு ஏற்ற நிறத்தில் புள்ளிகளாக, ஒன்றில் எரிமலைகள், ஒன்றில் கடலடிப் பாறையின் வயது, கடைசியில் தட்டுகளின் எல்லைகள். கையேடு எல்லைத் தாளை முதலில் விரிக்கச் சொல்கிறது. அதைக் கேட்காதீர்கள். எல்லைத் தாளை ஒளித்து வைத்துவிட்டு, நிலநடுக்கத் தாளை மட்டும் கொடுத்து, "உனக்கு எங்கே கோடு தெரிகிறது, வரை" என்று சொல்லுங்கள். மகள் வரைந்த கோடுகளின் மேல் எல்லைத் தாளைப் போட்டபோது முக்கால்வாசி பொருந்தியது. பூமி தன் ஓட்டு விரிசல்களைத் தானே புள்ளி வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தாள்மேல் தாள் விளையாட்டுக்கு நிஜமான முன்கதையும் உண்டு. 1950களில் மேரி தார்ப் என்ற பெண், அந்தக் காலத்தில் பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்பதால், மற்றவர்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை வைத்து மேசையில் உட்கார்ந்தே அட்லாண்டிக்கின் அடித்தளத்தை வரைந்தார். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் நெடுகிலும் ஒரு பிளவுப் பள்ளம் இருப்பதாக அவர் சொன்னபோது கூட வேலை செய்தவரே முதலில் தள்ளிவிட்டார். அதே அளவில் வரைந்த நிலநடுக்கப் புள்ளிகளின் வரைபடம் அந்தப் பள்ளத்தின் மேல் அச்சாகப் பொருந்தியபோதுதான் பேச்சு மாறியது.

அடுத்து நிறங்களைப் பாருங்கள். அட்லாண்டிக்கின் நடுவே எல்லாப் புள்ளிகளும் ஆழமற்றவற்றின் சிவப்பு. தென் அமெரிக்காவின் மேற்கில் அப்படி இல்லை. கரையோரம் சிவப்பு, கொஞ்சம் உள்ளே போனால் பச்சை, இன்னும் கிழக்கே நீலம். மகள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்து, "இப்படியா உள்ளே போகுது?" என்றாள். ஆமாம், அப்படியேதான். நாஸ்கா தட்டு தென் அமெரிக்காவுக்கு அடியில் சாய்வாக அமிழ்ந்துகொண்டே போகிறது, போகிற வழியெல்லாம் 600 கிலோமீட்டரையும் தாண்டிய ஆழம் வரைக்கும் நடுங்குகிறது. நிலநடுக்க ஆய்வாளர்களான ஜப்பானின் கியோ வடாட்டியும் அமெரிக்காவின் ஹியூகோ பெனியாஃபும் வெவ்வேறு காலத்தில் கண்டுகொண்ட இந்தச் சரிவை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை மூன்று நிறங்களைப் பார்த்துச் சொல்ல முடிகிறது என்றால் அந்தத் தாளை அச்சடித்தவரைக் கும்பிடத் தோன்றுகிறது. 1960இல் 9.5 அளவில், கருவிகளால் அளந்ததிலேயே பெரிய நிலநடுக்கம் சிலியில் வந்ததும் இதே விளிம்பில்தான்.

எரிமலைத் தாளைப் போட்டால் கேள்விகள் கொட்டுகின்றன. பசிபிக்கைச் சுற்றி குதிரை லாடம் மாதிரி எரிமலைகள், சரி. இமயமலையில் நிலநடுக்கம் அத்தனை இருந்தும் எரிமலை ஏன் இல்லை? ஏனென்றால் அங்கே மோதிக்கொள்வது இரண்டு கண்டங்கள். நீரில் ஊறிய கடல்தட்டு கீழே போனால்தான் அந்த நீர் மேலே உள்ள கவசப் பாறைக்குள் ஏறி, அதன் உருகுநிலையைக் குறைத்து, பாறைக்குழம்பை உண்டாக்கும். திடமான கவசத்திலிருந்து குழம்பு எப்படி வருகிறது என்று முன்பு விட்டுப்போன கேள்விக்கும் பாதி பதில் இதுதான். மறுபாதி, தட்டுகள் விலகிப்போகும் நடுக்கடல் மலைத்தொடரில்: அங்கே பாறை மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, சூடு கூடாமலே உருகுகிறது. எந்த எல்லையிலும் சேராமல் பசிபிக்கின் நடுவில் தனியாக நிற்கும் ஹவாய்? அதற்குக் கீழே ஒரு வெப்பப்புள்ளி, அதாவது ஆழத்திலிருந்து கூடுதல் சூடு மேலேறும் இடம், மேலே தட்டு நகர நகர எரிமலைகள் வரிசையாகப் பிறந்து அணைகின்றன என்று 1963இல் கனடா நாட்டு விஞ்ஞானி டூசோ வில்சன் சொன்னார். கடலடி வயதுத் தாளை மட்டும் கொஞ்சம் வெளிறிய மையில் அடித்துவிட்டார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரிகிறது. ஆனால் தெரிந்துவிட்டால் விஷயம் பெரிது: நிலத்தில் 400 கோடி வருடப் பாறை இருக்கும்போது, பெருங்கடல்களின் அடியில் 20 கோடி வருடத்தைத் தாண்டிய பாறையே கிட்டத்தட்ட இல்லை. பழைய தளமெல்லாம், தட்டுகள் அமிழ்கிற கடலடி அகழிகளில் விழுங்கப்பட்டுவிட்டது.

அட்டைப்பட நாயகனான எரிமலை. சமையல் சோடாவையும் வினிகரையும் ஊற்றினால் நுரை பொங்கும், சிவப்புச் சாயம் வழியும், இரண்டு நிமிடம், அப்புறம் துடைக்கிற வேலை நமக்கு. அமிலமும் காரமும் சேர்ந்த வேதிவினைக்கும் எரிமலைக்கும் வாயு வெளியேறுகிறது என்பதைத் தவிர உறவு இல்லை. நாங்கள் அதை ஓரம் வைத்துவிட்டு ஒரு சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தோம், இது எவ்வளவோ மேல். மூடியிருக்கும்வரை வாயு திரவத்துக்குள் கரைந்து அடங்கியிருக்கிறது, அழுத்தம் போனதும் குமிழிகளாகப் பீறிடுகிறது. 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் அப்படித்தான், உப்பியிருந்த வடபக்கச் சரிவு ஒரு நிலநடுக்கத்தில் சரிந்து விழுந்ததும் மூடி கழன்ற மாதிரி ஆகி, மலை பக்கவாட்டில் வெடித்தது, 2,950 மீட்டர் உயரம் 2,549 ஆகிவிட்டது. பிளாஸ்டிக் கூம்புக்கும் ஒரு உபயோகம் கண்டுபிடித்தோம்: உச்சியிலிருந்து ஒருபக்கம் தண்ணீரையும் மறுபக்கம் தேனையும் ஊற்றினோம். சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) குறைந்த குழம்பு நீராக ஓடிப் பரவும், ஹவாயின் மௌனா லோவா எரிமலை கவிழ்த்த கேடயம் மாதிரி அகன்று கிடப்பது அதனால். சிலிக்கா கூடிய பிசுபிசுப்பான குழம்பு நகராமல் குவியும், வாயுவை வெளியே விடாது, ஆபத்து அதில்தான்.

கையேட்டைப் பற்றி இன்னும் ஒன்று. "ரிக்டர் அளவில் ஒரு எண் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு" என்கிறது. பத்து மடங்கு ஆவது அலையின் வீச்சு, ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு ஆகும். 2015 நேபாள நிலநடுக்கம் 7.8, 2004 சுமத்ரா 9.1, பார்த்தால் ஒன்றரைக்கும் குறைவான வித்தியாசம், ஆற்றலில் சுமார் 90 மடங்கு. பெரிய நிலநடுக்கங்களுக்கு இப்போது ரிக்டர் முறையில் கணக்கிடுவதும் இல்லை, நழுவிய பாறைப் பரப்பையும் தூரத்தையும் வைத்துக் கணக்கிடும் திருப்புத்திறன் அளவு என்று வேறு ஒன்று, செய்திகளில் பழக்கதோஷத்தில் ரிக்டர் என்கிறார்கள். அளவும் சேதமும் வேறு வேறு என்பதைக் கையேடு தொடவே இல்லை. 2010இல் ஹைதியில் 7.0, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அடுத்த மாதமே சிலியில் 8.8, சுமார் 500 மடங்கு ஆற்றல், இறந்தவர்கள் சுமார் 500 பேர். கட்டடம் கட்டிய விதம் இதில் ஒரு முக்கியமான வித்தியாசம். ஆடும் மேடையை வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டதை மன்னிக்க முடியவில்லை.

ஐந்துக்கு எவ்வளவு என்றால் மூன்றரை. தாள்களுக்கும் பலகைக்கும் முழு மதிப்பெண், கையேட்டுக்கு ஒன்றுகூடத் தர மாட்டேன். பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிற சாமான் இல்லை இது, கூட உட்கார ஒருவர் வேண்டும். வகுப்பறைக்கு வாங்குகிற ஆசிரியர் ஒரு பெட்டி வாங்கினால் போதும், தாள்களைச் சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடலாம், பலகையை மட்டும் குழுவுக்கு ஒன்றாகத் தச்சரிடம் சொல்லி அடித்துக்கொள்ளலாம். ரப்பர் பேண்ட் கூடுதலாக வாங்கி வையுங்கள், பெட்டியில் கொடுத்த மூன்றும் முதல் வாரத்திலேயே அறுந்துவிட்டன.